பத்து வந்தால் பூஜ்யம்

மூன்று வருடத்துக்கு முன், மழைக்காலம் முடிந்த கையோடு நடந்தது இது. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் அப்போது நான் கேட் கிளார்க். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறேன் என்பதால் யார்டின் பெயரும், யாருடைய பெயரும் இங்கே வேண்டாம். வீடு ராயபுரத்தில். கணவருக்கு ரயில்வேயில் வேலை. மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் நடந்தது புரியும். கப்பலில் ஏற வேண்டிய கன்டெய்னர்களை டிரெய்லர் லாரிகள் கொண்டுவரும். கன்டெய்னரை இங்கே எல்லோரும் பெட்டி என்றுதான் சொல்வோம். யார்டுக்கு வடக்கே ஒரு கேட், தெற்கே ஒரு கேட். தெற்கு கேட்டின் கேபினில் நான். ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு எண்ணும் போட்டிருக்கும். டிரைவர் அதைச் சொல்வார், நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். எண் சரியாக இருந்தால் திரையில் பச்சை வரும், சீட்டு அச்சாகும், செக்யூரிட்டி தடுப்புக் கம்பைத் தூக்குவார். பிசகு என்றால் சிவப்பு வரும். சிவப்பு வந்தால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும், அவர்கள் ஏஜென்ட் ஆபீசில் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி வர வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். அந்தப் பச்சையும் சிவப்பும் எப்படி வருகிறது என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

அந்த வருட மழையில் எங்கள் தெற்கு கேபினுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மேஜைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் போயிற்று. தண்ணீர் வடிந்து, சேறு கழுவி, புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார்கள். கேட் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த சின்னக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நெட்டிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினார், இரண்டு மூன்று பெட்டி எண்ணை அடித்துப் பார்த்தார், பச்சை வந்தது, கிளம்பிவிட்டார்.

முதல் சிவப்பு வந்தபோது நான் எதுவும் நினைக்கவில்லை. டிரைவர் எண் சரி என்று சாதித்தார். திரும்ப அடித்தேன். மறுபடி சிவப்பு. போய்ச் சரிபார்த்து வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் அதேபோல் வேறொரு வண்டி. அதற்கடுத்த நாள் இரண்டு. வழக்கமாக மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வருகிற சிவப்பு, தினமும் வர ஆரம்பித்தது. மழையில் ஏஜென்ட் ஆபீஸ்களிலும் குழப்பம் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

திரும்பிப் போன டிரைவர்களில் ஒருவர் ஏஜென்ட் ஆபீசுக்குப் போகாமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு வடக்கு கேட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே அதே எண்ணை அடித்ததும் பச்சை வந்திருக்கிறது. அப்புறம் என்ன, எர்ணாவூர் வரை நிற்கிற டிரெய்லர் வரிசையில் ஒரு செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? தெற்கு கேட்டில் இருக்கும் பொம்பளை வேண்டுமென்றே மடக்குகிறாள், எதையோ எதிர்பார்க்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

தெரியவந்த விதம் நன்றாக இல்லை. ஒரு நாள் காலை, ஐம்பதைத் தாண்டிய ஒரு டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார். முந்தைய நாள் நான் திருப்பி அனுப்பியவர். அவர் சுற்றி வருவதற்குள் அந்தப் பெட்டி கப்பலுக்குச் சேர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. லாரி முதலாளி அவரை வண்டியை விட்டு இறங்கச் சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அவர் வந்தது சாவியை ஒப்படைக்கப் போகும் வழியில். அவர் கத்தவில்லை. கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அந்த கேட்டாண்ட பச்சை வருது, உங்கிட்ட மட்டும் செவப்பு வருது. இன்னா வோணும் உனக்கு? நேரா வாய தொறந்து கேட்டிருந்தா நான் பொழச்சிருப்பேன்ல?"

பின்னால் நின்றிருந்த டிரைவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். அதையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு புரிந்தது.

மேனேஜர் அன்று மதியமே என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. என் எதிரிலேயே சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளிக்கு போன் போட்டுக் கேட்டார். இரண்டு கேட்டிலும் ஓடுவது ஒரே ப்ரோக்ராம்தான், அதில் எந்தக் கோளாறும் இல்லை என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. மேனேஜர் போனை வைத்தார். அதே பெட்டி, அதே ப்ரோக்ராம், ஒரு கேட்டில் பச்சை, ஒரு கேட்டில் சிவப்பு. அப்படியென்றால் வித்தியாசம் உட்கார்ந்திருக்கிற ஆளில்தானே என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

விசாரணை முடியும் வரை நான் பின்பக்க ஃபைல் ரூமில் இருக்க வேண்டும் என்று முடிவானது. கேட்டில் உட்கார வைக்க வேறு ஆள் இல்லாததால் தெற்கு கேட்டை மூடினார்கள். எல்லா வண்டியும் வடக்கு கேட் வழியாகப் போயின. ஒரு வண்டிக்குக்கூட சிவப்பு வரவில்லை. அதோடு என் மேலிருந்த சந்தேகம் உறுதியாகிவிட்டது.

வீட்டில் அன்றைக்கே சொல்லிவிட்டேன். கணவர் கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினார், கழற்றினார், எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாக, "எதுனா வாங்கினியா?" என்றார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் சரி என்றார். இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் நான் அவருக்கு யாரோ ஆகிவிட்டேன்.

எங்கள் தெருவில் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எப்போதும் போகும் பூசைக்குப் போகாமல், விடியலில் நடக்கும் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். மகள் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கும் விஷயம் எட்டியிருந்தது.

ஃபைல் ரூமில் எனக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. பழைய சீட்டுக் கட்டுகளை அடுக்குவேன், கலைப்பேன், மறுபடி அடுக்குவேன். விசாரணை என்றார்கள், யாரும் எதையும் விசாரிக்கவில்லை. மாதம் முடிந்ததும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று ஆபீஸ் பையன் மூலமாகக் காதில் விழுந்தது.

ஒரே கேட் என்பதால் வரிசை சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. போலீஸிடமிருந்து புகார் வந்தது. தெற்கு கேட்டைத் திறந்தே ஆக வேண்டிய நிலை. ஆனால் அங்கே அடுத்து உட்காருகிற ஆளும் ஏமாற்றிவிடக் கூடாதே. அதனால் சிவப்பு வந்தால் சூப்பர்வைசர் வந்து ரகசிய எண் போட்டால்தான் அடுத்த வேலை நடக்கும்படி மாற்றச் சொல்லி சாஃப்ட்வேர் கம்பெனிக்குச் சொன்னார்கள். அதற்காக வந்தவள்தான் அந்தப் பெண். என்னைவிட பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். முன்பு கம்ப்யூட்டர் வைத்துவிட்டுப் போனவர் இல்லை, இவள் வேறு. சொந்த ஊர் தெற்கே எங்கேயோ. திருவொற்றியூரில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

யார்டில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட அந்த ஃபைல் ரூமைத் தவிர வேறு இடம் இல்லை. மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நீங்க எந்த செக்ஷன் அக்கா என்று கேட்டாள். நான் மறைக்கவில்லை. நீ யாருக்காகப் புதுப் பூட்டு போட வந்திருக்கிறாயோ அந்த ஆள் நான்தான் என்றேன். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை. என்ன நடந்தது என்று கேட்டாள். பல நாள் கழித்து ஒருவர் கேட்கிறார்களே என்று முதலிலிருந்து சொன்னேன். அழுகையெல்லாம் அப்போது வரவில்லை, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னேன்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. "சிவப்பு வந்த நம்பரைத் திரும்ப அடிச்சா எப்பவாவது பச்சை வந்திருக்காக்கா?"

"எத்தினி வாட்டி அடிச்சாலும் செவப்புதாம்மா. ஒரு டிரைவருக்கு ஆறு வாட்டி அடிச்சி காமிச்சேன், அவரே பாத்துக்கினு நின்னாரு."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். ஆள் ஏமாற்றினால் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறும், ஒரே எண் எப்போதும் ஒரே பதில் சொன்னால் அது ஆளாக இருக்காதே என்று தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள். டப்பாவை மூடிவிட்டு, வாங்க அக்கா என்று கூப்பிட்டாள்.

பூட்டியிருந்த தெற்கு கேபினைத் திறந்தோம். கம்ப்யூட்டரைப் போட்டாள். பக்கத்தில் தன் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். அதிலும் அதே ப்ரோக்ராம் இருந்தது. என்னை யார்டுக்குள் போய் அடுக்கியிருக்கிற பெட்டிகளின் எண்ணை ஒவ்வொன்றாக போனில் படிக்கச் சொன்னாள். கீபோர்டை நான் தொடவே வேண்டாம், அவளே அடிப்பாள். வெயிலில் வரிசை வரிசையாக நடந்து படித்தேன். பச்சை, பச்சை, பச்சை என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. இதோடு விட்டுவிடலாமா என்று நினைத்தபோது போனில் அவள் குரல் நின்றது. கடைசியாகப் படித்ததை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். அங்கேயே நில்லுங்க அக்கா, நான் வருகிறேன் என்றாள். லேப்டாப்போடு ஓடி வந்து பெட்டியின் மேலிருந்த எண்ணைத் தன் கண்ணால் பார்த்தாள். கேபின் கம்ப்யூட்டரில் சிவப்பு, அவள் லேப்டாப்பில் பச்சை. அந்தப் பெட்டியும் முறைப்படி வடக்கு கேட் வழியாக உள்ளே வந்த பெட்டி.

அதற்கு மேல் வேகமாகிவிட்டது. இன்னும் சில பெட்டிகள் அப்படி அகப்பட்டன. எல்லாவற்றின் கடைசி எண்ணும் பூஜ்யம். ஆனால் பூஜ்யத்தில் முடிகிற வேறு சில பெட்டிகளுக்குப் பச்சையும் வந்தது. அதனால்தான் தினமும் அடித்துக்கொண்டிருந்த எனக்கு அது தட்டுப்படவே இல்லை.

அவள் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். அவர்கள் கம்பெனி ப்ரோக்ராம் முழுவதையும் அவர்களே எழுதுவதில்லையாம். பெட்டி எண் சரியா என்று பார்க்கும் வேலைக்கு, யாரோ எழுதி எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நெட்டில் வைத்திருக்கிற ஒன்றை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்களாம். அதற்கு லைப்ரரி என்று பெயர். வடக்கு கேட் கம்ப்யூட்டரிலும் அவள் லேப்டாப்பிலும் இருந்தது பழைய லைப்ரரி. எங்கள் புதுக் கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றையும் இறக்கிய சமயத்தில் நெட்டில் அதன் புதிய பதிப்பு ஒன்று வந்திருந்தது. இது அதை எடுத்துக்கொண்டது. பெட்டியின் கடைசி எண், முன்னால் இருக்கிற எழுத்தையும் எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. சில பெட்டிகளுக்கு அந்தக் கணக்கில் பத்து என்று வரும். ஒரு எண்ணுக்குத்தான் இடம் என்பதால் பத்து வந்தால் பூஜ்யம் என்று எழுதுவது வழக்கம். புதிய பதிப்பில் அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது. கணக்கிலேயே பூஜ்யம் வருகிற பெட்டிகளுக்கு அதனால் சிக்கல் இல்லை. இந்த லைப்ரரியில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று நாங்கள் ப்ரோக்ராமில் குறித்து வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை, அது எங்கள் தப்பு என்றாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, களைப்பு. கேபினில் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வெளியே போய்த் தன் முதலாளிக்கு போன் செய்தாள். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை, இவள் பேசியதுதான் கேட்டது. சரி சார், சரி சார் என்றுகொண்டே இருந்தவள், "சார், அந்த அக்காவோட வேலை போகப் போகுது சார்" என்றாள். உள்ளே வந்ததும் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். பழைய லைப்ரரியைப் போட்டுச் சரிசெய்துவிடு, கேட்டால் நெட்வொர்க் கோளாறு என்று சொல்லிவிட்டு வா, ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் என்றாராம். சரிசெய்ய இரண்டு நிமிஷ வேலை. ஆனால் சரிசெய்துவிட்டால் தப்பு இருந்தது என்பதற்கு என்ன அடையாளம்? எல்லா எண்ணுக்கும் பச்சை வரும். என் பேர் அப்படியே கிடக்கும்.

"மேனேஜர் வந்து கண்ணால பாக்குற வரைக்கும் நான் இதத் தொடமாட்டேன்க்கா" என்றாள்.

மேனேஜர் யானைக்கவுனிப் பக்கம் ஒரு ஏஜென்ட் ஆபீசுக்குப் போயிருந்தார். வர சாயந்திரம் ஆகும் என்றார்கள். அன்றைக்கு என்று வடக்கு கேட்டில் வரிசை கூடுதலாக இருந்தது. தெற்கு கேட்டை எப்போது திறப்பீர்கள் என்று சூப்பர்வைசர் நாலு தரம் வந்து கேட்டார். அவள் இன்னும் முடியவில்லை என்றே சொன்னாள். முதலாளி திரும்பத் திரும்ப அழைத்தார். ஒரு கட்டத்துக்கு மேல் அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். உனக்கு எதற்கு இந்த பேஜாரு, சரிபண்ணிவிட்டுப் போம்மா என்று நான் சொன்னேன். உண்மையாகவே சொன்னேனா, அவள் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் காலையில் கட்டிவந்து பாதியில் மூடிய டப்பாவைத் திறந்து, இரண்டு பேரும் சாப்பிடலாம் என்றாள். எலுமிச்சை சாதம். ஆறிப்போயிருந்தது.

மேனேஜர் வந்தார். அவள் காட்டினாள். ஒரே எண், இங்கே சிவப்பு, அங்கே பச்சை. நான் எட்டி நின்றேன். அவர் தானே உட்கார்ந்து இரண்டு மூன்று எண்ணை அடித்துப் பார்த்தார். அவள் நேராகச் சொன்னாள், தப்பு எங்கள் ப்ரோக்ராமில் சார், இவங்க மேல எதுவும் இல்லை, இதை எழுதிக் கொடுக்கவும் தயார் என்று. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்து, சரிம்மா, நாளையிலிருந்து உங்க சீட்டில் உட்காருங்க என்றார்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"என்னை திருடினு சொன்னது கேட்டாண்ட சார். இல்லனு சொல்றதும் கேட்டாண்டயே சொல்லுங்க. இல்லாங்காட்டி நான் அந்த சீட்ல குந்தமாட்டேன்."

அவர் யோசித்தார். கம்பெனி பேர் என்ன ஆகும் என்று யோசித்திருப்பார். அப்புறம் வடக்கு கேட் வரிசையில் நின்ற டிரைவர்களில் வரக்கூடியவர்களை இங்கே வரச்சொல்லி செக்யூரிட்டியை அனுப்பினார். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்ப்யூட்டர் கோளாறினால் சில வண்டிகள் திரும்பிப் போக நேர்ந்தது, கிளார்க் அம்மாவின் மேல் தவறில்லை, அவரைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொன்னார். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆபீஸ்காரன் ஆபீஸ்காரியைக் காப்பாற்றுகிறான் என்கிற முகம்.

அப்போது அந்தப் பெண், உங்களில் யாராவது வந்து நீங்களே அடித்துப் பாருங்கள் என்றாள். ஒருவர் வந்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, சிவப்பு வந்த பெட்டிகளில் கண்ணுக்கு எதிரே நின்ற ஒன்றைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் அடித்தார். சிவப்பு. லேப்டாப்பில் அடித்தார். பச்சை. மறுபடி ஒரு தரம் அடித்துவிட்டுத் திரும்பினார்.

"மிஷினு தாம்ப்பா பொய் சொல்லிகினு கீது" என்றார் மற்றவர்களிடம். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நானும்தான் பேசினேன். மன்சுல வெச்சிக்காத" என்றார்.

மேனேஜர் சொன்னது கொண்டுவராததை அந்த ஒரு வார்த்தை கொண்டுவந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. கேபினுக்குள் போய்விட்டேன். அவள் எதுவும் கேட்காமல் பழைய லைப்ரரியைப் போட்டாள், இனி இந்தப் பதிப்புதான் என்று குறித்து வைத்தாள். நான் சொன்ன எண்ணை அடித்தாள். பச்சை வந்தது.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நான் கேட்டது தப்பு" என்றார். ஆமா, தப்புதான் என்று சொல்லிவிட்டு மீன் குழம்பைச் சூடு பண்ணப் போனேன். அதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை. ஆறியதா என்றால், பெரும்பாலும் ஆறிவிட்டது.

சில நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். அந்த லைப்ரரியை எழுதியவருக்குத் தப்பைக் குறிப்பிட்டு எழுதியிருந்தாளாம். ஏதோ ஒரு குளிர் தேசத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம் எதுவும் இல்லாமல், ஓய்வு நேரத்தில் அதை எழுதிப் பராமரிக்கிறவர். அன்றைக்கே சரிசெய்துவிட்டு, இதனால் யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டதா என்று கேட்டிருக்கிறார். அவள் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள். அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று பதில் வந்திருந்தது. அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். முகம் தெரியாத அந்த மனிதரிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று எழுதச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, ஒரு டிரைவருக்கு வேலை போயிற்று, அதையும் எழுது என்றேன்.

அந்த டிரைவரைப் பற்றி மேனேஜர் விசாரிக்கச் சொன்னார். மணலிப் பக்கம் வேறு ஒருவரிடம் வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்தது. சில மாதம் கழித்து ஒரு நாள் என் ஜன்னலுக்கு வந்தார். எண்ணைச் சொன்னார், பச்சை வந்தது, சீட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஒரு நொடி நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், பின்னால் ஹாரன் அடித்தார்கள், போய்விட்டார். அவரிடமும் யாராவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். யார் கேட்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

சாஃப்ட்வேர் கம்பெனியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் எங்கள் யார்டுக்கு அதன் பிறகு வேறு ஆள்தான் வந்தார். அந்தப் பெண் ஆறு மாதத்தில் அங்கிருந்து விலகி பெங்களூர் போய்விட்டாள். இதனால்தானா என்று கேட்டேன், அதெல்லாம் இல்லக்கா என்றாள். நான் அதை முழுவதுமாக நம்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு நானும் பொங்கலுக்கு அவளும் வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம், அவ்வளவுதான் பழக்கம்.

இந்த விஷயத்தில் யாருமே எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. வாத்தியாரும் நினைக்கவில்லை, மேனேஜரும் நினைக்கவில்லை, அந்த டிரைவர்களும் பார்த்ததைத்தான் பேசினார்கள். அப்படி இருந்தும் நான் திருடி ஆனேன். யாருடையது என்று தெரியாத தப்பு, கண்ணுக்கு எதிரே இருக்கிற ஆளின் தலையில்தான் போய் உட்காருகிறது. இது எங்களுடையது என்று யாராவது ஒருவர் நின்று சொல்கிற வரையில் அது இறங்குவதில்லை என்பதை, சிவப்பு வருகிற ஒவ்வொரு முறையும் நாற்காலியை விட்டு எழுந்து பெட்டியை ஒரு தரம் நேரில் போய்ப் பார்க்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.